சக்கரம் இறங்கவில்லை! நடுவானில் தவிக்கும் குட்டிப் போர் விமானங்கள்

ஆகாயத்தில் குட்டி "ஸ்பிட்பயர்" விமானம் வட்டம் அடிக்கிறது. தரையில் நிற்பவர் கையில் ரேடியோ பெட்டி. சக்கரத்தை இறக்கும் சுவிட்சைத் தட்டுகிறார். இடது சக்கரம் இறங்கி விட்டது. வலது சக்கரம் இறங்கவில்லை!

மறுபடியும் தட்டுகிறார். ஊகூம்!

விமானத்தில் இன்னும் சில நிமிடத்துக்குத்தான் தெம்பு இருக்கிறது. அதற்குள் தரைக்கு வந்தாக வேண்டும். ஒற்றைக் காலோடு இறங்கினால் குட்டிக்கரணம் போடும். என்ன செய்வது?

ரேடியோ மூலம் பறக்கும் மாடல் போர் விமானம் வைத்திருப்பவர்களுக்கு எல்லாம், இன்று இல்லாவிட்டால் நாளை வரும் தலைவலி இது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஞாயிற்றுக்கிழமை மாடல் விமான மைதானங்களில் இது சர்வ சாதாரணம்.

இந்தக் கோளாறு ஏன் வருகிறது? எங்கே தேடுவது? வந்து விட்டால் எப்படித் தப்புவது? விவரம் வருமாறு:-

பொம்மை அல்ல

"அட, பொம்மை விமானம்தானே! விழுந்தால் விழட்டுமே" என்று நினைத்து விடக் கூடாது.

நிஜ ஸ்பிட்பயரின் இறக்கை இந்த முனையில் இருந்து அந்த முனை வரை 36 அடி 10 அங்குலம். அதில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு மாடல் செய்தால்கூட, 6 அடிக்கு மேல் வந்து விடும். ஆள் உயரம்!

5 கிலோ, 10 கிலோ எடை உள்ள மாடல்களும் உண்டு. மணிக்கு 100 கிலோ மீட்டருக்கு மேல் பாயும். மூக்கில் சுழலும் விசிறி விரலை வெட்டி விடும்.

மரத்தை இழைத்து, ஒட்டி, வர்ணம் அடித்து, மாதக் கணக்கில் ராத்திரி கண் விழித்துச் செய்தது. அது போனால் பணம் மட்டுமா போகிறது? உழைப்பும் போகிறது. தாறுமாறாக வந்து வேடிக்கை பார்க்கிறவர் மேல் பாய்ந்தாலோ, சொல்லவே வேண்டாம்.

அசலிலும் தகராறு

இரண்டாவது உலகப் போர்க் காலத்துச் சண்டை விமானங்கள், மேலே ஏறியதும் சக்கரத்தை இறக்கைக்குள் மடக்கிக் கொள்ளும். காற்றின் தடை குறையும். வேகம் கூடும். மாடலிலும் அதே மாதிரி மடக்கினால்தான் பார்க்க அழகு. இந்த மடக்குக் கருவிக்கு "ரிட்ராக்ட்" என்று பெயர்.

ஸ்பிட்பயர் முதன்முதலில் பறந்தது 1936-ம் ஆண்டு மார்ச் 5-ந் தேதி. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பக்கத்தில் உள்ள ஈஸ்ட்லி விமானத் தளத்தில் இருந்து கிளம்பியது. ஓட்டியவர் ஜோசப் சம்மர்ஸ்.

அன்று அவர் சக்கரத்தை மடக்கவே இல்லை! இறங்கிய நிலையிலேயே பூட்டி வைத்துப் பறந்தார். முதல் நாளே எல்லாவற்றையும் சோதிக்க வேண்டாம் என்ற முன் ஜாக்கிரதை.

ஆரம்ப கால ஸ்பிட்பயரில் சக்கரத்தை ஏற்ற, விமானி கையால் பம்பு அடிக்க வேண்டும். ஒரு கையில் பம்பு, மறு கையில் விமானத்தை ஓட்டும் கம்பு. பம்பு அடிக்கும் கை ஆட, மறு கையும் கூடவே ஆடும். விமானம் ஏறி இறங்கித் தள்ளாடியபடி போகும்!

சக்கரம் இறங்கவே மறுத்தால்? அதற்கும் ஒரு வழி இருந்தது. விமானிக்குப் பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு வாயு அடைத்த சிலிண்டர் வைத்து இருந்தார்கள். அதைத் திறந்தால் வாயு பாய்ந்து சக்கரத்தைக் கீழே தள்ளி விடும்.

20 ஆயிரத்துக்கும் மேல் செய்யப்பட்ட விமானம் அது. இந்திய விமானப் படையிலும் பறந்தது. நிஜ விமானத்துக்கே இத்தனை பந்தோபஸ்து தேவைப்பட்டது என்றால், மாடல் விமானம் மக்கர் பண்ணுவதில் ஆச்சரியம் என்ன?

மூன்று வகை

மாடல் விமான ரிட்ராக்ட் முக்கியமாக மூன்று வகை.

ஒன்று, "செர்வோ" என்னும் சின்ன மோட்டார் பெட்டி கம்பியைத் தள்ளி மடக்குவது. இது பழைய முறை.

இரண்டு, காற்றழுத்தத்தால் மடக்குவது. விமானத்துக்கு உள்ளே சின்ன காற்றுத் தொட்டி இருக்கும். தரையிலேயே பம்பால் காற்று அடித்து விட்டுப் பறப்பார்கள்.

மூன்று, மின்சார ரிட்ராக்ட். ஒவ்வொரு காலுக்கும் தனி மோட்டார். மரை போட்ட தண்டை அது சுற்றும். அதில் கால் ஏறி இறங்கும். இப்போது அதிகம் விற்பது இதுதான்.

வகைக்கு ஒரு வியாதி. வியாதிக்கு ஒரு வைத்தியம்.

காற்று போனால்...

காற்று வகையில் தொட்டியில் சதுர அங்குலத்துக்கு சுமார் 100 பவுண்டு அழுத்தம் ஏற்றுவார்கள். கார் டயரில் அடிப்பது 30, 35 பவுண்டுதான். அதைப் போல மூன்று மடங்கு!

இந்த அழுத்தத்தில் மயிரிழை இடுக்கு இருந்தாலும் காற்று நழுவி விடும். கிளம்பும்போது சக்கரம் "ஜம்" என்று மடங்கும். பத்து நிமிடம் கழித்து இறக்கப் பார்த்தால் தொட்டி காலி!

கண்டுபிடிப்பது சுலபம். சைக்கிள் கடையில் பஞ்சர் பார்ப்பார்களே, அதே வித்தைதான். குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவ வேண்டும். கொப்புளம் கிளம்பும் இடம்தான் திருடன்!

அதற்கும் முன்னால் ஒரு சோதனை உண்டு. காற்றை நிரப்பி, அழுத்தம் காட்டும் மீட்டரைப் பார்த்துக் குறித்துக் கொள்ள வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். முதலில் சக்கரம் மேலே இருக்கும் நிலையில். பிறகு கீழே இருக்கும் நிலையில். ஏன் இரண்டு தடவை? ஏற்றுவதற்கு ஒரு குழாய், இறக்குவதற்கு வேறு குழாய். ஒன்று ஒழுகும், மற்றது ஒழுகாது.

பெரும்பாலும் மாட்டிக்கொள்வது குழாயின் நுனி. நாள் ஆக ஆக அது விறைத்து, பிடிப்பு விட்டு விடும். கால் அங்குலம் நேராக வெட்டி எறிந்து விட்டு மறுபடி செருகினால் சரி.

அடுத்த சந்தேகம், சிலிண்டருக்கு உள்ளே இருக்கும் ரப்பர் வளையம். அதற்கு சிலிக்கோன் எண்ணெய்தான் விட வேண்டும். கையில் கிடைத்த மெஷின் எண்ணெயை விட்டால் ரப்பர் கெட்டு விடும். குளிர் தேசங்களில் இந்த வளையம் விறைத்துப் போவதால், கோடையில் ஒழுகாத விமானம் மார்கழிக் குளிரில் ஒழுகும்.

காற்று போனால் தானே காலைத் தள்ளி இறக்கும் ஸ்பிரிங் வைத்த ரிட்ராக்ட்டும் உண்டு. அசல் ஸ்பிட்பயரில் வாயு சிலிண்டர் செய்த வேலையை இதில் ஸ்பிரிங் செய்கிறது.

பாதியில் நின்றால்...

மின்சார வகையில் காற்றுத் தொல்லை இல்லை. ஆனால் வேறு வில்லங்கம் உண்டு.

கால் முழுவதும் இறங்கியதும் மோட்டார் எப்படி நிற்கிறது? பெரும்பாலான கருவிகளில், கால் கடைசியில் போய் முட்டியதும் மோட்டார் இழுக்கும் மின்சாரம் சட்டென்று கூடும். "சரி, வேலை முடிந்தது" என்று கருவி தானாகவே மோட்டாரை நிறுத்தி விடும்.

வில்லங்கமே இங்கேதான். நடுவழியில் எதிலாவது சிக்கினாலும் மின்சாரம் கூடும். அப்போதும் கருவி "வேலை முடிந்தது" என்று ஏமாந்து நின்று விடும்! கால் அந்தரத்தில் பாதியில் தொங்கும்.

உடனே மோட்டார் எரிந்து விட்டது என்று புதிது வாங்க ஓட வேண்டாம். மோட்டார் நல்ல பிள்ளை. சிக்க வைத்தது வேறு ஆள்.

டயர் இறக்கைப் பள்ளத்தின் ஓரத்தில் உரசுகிறதா? பள்ளத்துக்குள் புல்லும் மண்ணும் அடைத்து இருக்கிறதா? மூடுகிற கதவு முந்திக்கொண்டு காலை மறிக்கிறதா? சென்ற தடவை "தொப்" என்று இறங்கியதில் காலின் இரும்புக் குச்சி லேசாக வளைந்து விட்டதா? இப்படி ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

பாட்டரி சோர்ந்து இருந்தாலும் இதே கதைதான். மோட்டாருக்கு வலு போதாது.

பாட்டரியைக் குடிக்கும் எமன்

பழைய செர்வோ வகைதான் மூன்றிலும் ஆபத்தானது. காரணம் இருக்கிறது.

இந்த செர்வோ கடைசி வரை போய்ச் சேர்ந்தால்தான் ஓயும். கம்பியின் நீளம் கொஞ்சம் தவறி, கடைசி வரை போக முடியாமல் முட்டிக்கொண்டு நின்றால் ஓயாது. தள்ளிக் கொண்டே இருக்கும். மின்சாரத்தைக் குடித்துக் கொண்டே இருக்கும்.

அந்த மின்சாரம் எங்கே இருந்து வருகிறது? ரேடியோ கட்டளையை வாங்கும் ரிசீவருக்கும் அதே பாட்டரிதான் என்றால், தீர்ந்தது கதை! சக்கரம் மட்டும் அல்ல, விமானமே சொன்ன பேச்சைக் கேட்காது. எங்கேயோ போய் விழும். சக்கரத்தில் இருந்த சின்னக் கோளாறு மொத்த விமானத்தையும் விழுங்கி விடும்.

அதனால்தான் ரிட்ராக்ட்டுக்குத் தனி பாட்டரி வைத்து விடுகிறார்கள். தரையில் சோதிக்கும்போது காதையும் தீட்டிக்கொள்ள வேண்டும். கால் மடங்கி முடிந்த பிறகும் "உர்ர்..." என்று முனகல் கேட்டால், கம்பியின் நீளம் சரியில்லை என்று அர்த்தம்.

மல்லாக்கப் போட்டால் ஏமாற்றம்

வீட்டில் சோதித்தபோது பிரமாதமாக வேலை செய்தது, ஆகாயத்தில் மட்டும் அடம் பிடிக்கிறது என்பது பலருடைய புலம்பல்.

காரணம், மேஜை மேல் விமானத்தை மல்லாக்கப் போட்டுச் சோதிப்பதுதான். அப்படிப் போட்டால், மடங்கும்போது சக்கரம் தன் பாரத்தாலேயே பள்ளத்துக்குள் விழும். மோட்டாருக்கு வேலையே இல்லை. பறக்கும்போதோ அதே பாரத்தை மேலே தூக்க வேண்டும்.

ஆகவே விமானத்தை நேராகவே தாங்கி மேல் நிறுத்தி, கால் அந்தரத்தில் தொங்கும்படி வைத்துச் சோதிக்க வேண்டும். ஒரு தடவை அல்ல, இருபது தடவை.

காற்றின் வேகத்தையும் மறக்கக் கூடாது. 1940-ல் முதலில் பறந்த அமெரிக்க "கோர்சேர்" விமானத்தின் கால், ஏறக்குறைய 90 டிகிரி திரும்பியபடியே பின் பக்கமாக மடங்கும். இறங்கும்போது எதிர்க்காற்றைத் தள்ளிக்கொண்டு முன்னே வர வேண்டும். மாடலிலும் அப்படித்தான். அசுர வேகத்தில் போகும்போது சுவிட்சைத் தட்டினால் கால் திணறும். வேகத்தைக் குறைத்து விட்டுத் தட்டினால் இறங்கி விடும்.

இறங்கியும் இறங்காத கால்

இன்னொரு மோசடியும் உண்டு. கீழே இருந்து பார்த்தால் இரண்டு காலும் இறங்கி இருக்கும். ஆனால் பூட்டு விழுந்து இருக்காது! தரையைத் தொட்டதும் "மடக்" என்று மடங்கி விடும்.

இதற்குச் சோதனை கையாலேயே செய்யலாம். காலை இறக்கி வைத்து, மடங்கும் திசையில் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். அசையாமல் நின்றால் பூட்டு விழுந்து விட்டது. இணங்கினால் விழவில்லை.

சில விமானங்களில் சக்கரம் கோணிக்கொண்டு வெளிப்பக்கம் பார்க்கும். காலைப் பிடித்து இருக்கும் சின்ன கிரப் ஸ்குரு தளர்ந்து விட்டது என்று பொருள். உருண்டையான குச்சியில் ஸ்குருவை எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். ஸ்குரு உட்காரும் இடத்தில் அரத்தால் ராவித் தட்டையாக்கி, மரை கழலாமல் இருக்கப் பசை விட்டு இறுக்கினால் அசையாது.

ரிட்ராக்ட் உட்கார்ந்து இருக்கும் மரச் சட்டத்தையும் தட்டிப் பார்க்க வேண்டும். பால்சா மரம் நெட்டி போல லேசானது. முரட்டுத்தனமாக இறங்கினால் ஸ்குருவோடு சட்டமும் பிய்த்துக்கொண்டு வரும். கோளாறு ரிட்ராக்ட்டில் இருக்காது. அது நிற்கும் மரத்தில் இருக்கும்.

ஸ்பிட்பயரில் இது அதிகம். அதன் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 6 அடிக்கும் குறைவான இடைவெளிதான். ஆறில் ஒரு பங்கு மாடலில் 1 அடிகூட வராது. ஜெர்மனியின் "மெசர்ஸ்மிட் 109" விமானத்துக்கும் இதே குறை. இவை பக்கவாட்டில் சாய்ந்து ஒற்றைக் காலில் பாரம் போட்டு விடும்.

திருடன் யார்?

கோளாறு எங்கே என்று குழம்பினால், அனுபவசாலிகள் செய்யும் காரியம் இது.

முதலில் பாட்டரி, காற்று அழுத்தம் இரண்டையும் அளந்து பார்ப்பார்கள். பிறகு காலையும் சக்கரத்தையும் கழற்றி வைத்து விட்டு, வெறும் ரிட்ராக்ட்டை மட்டும் இயக்குவார்கள். அது ஒழுங்காக ஓடினால், குற்றவாளி காலோ, சக்கரமோ, கதவோதான். அப்போதும் முரண்டு பிடித்தால், இடது பக்க வயரை வலது பக்கத்துக்கு மாற்றிச் செருகுவார்கள். கோளாறும் பக்கம் மாறினால், வயரிலோ கட்டளை அனுப்பும் இடத்திலோ தப்பு. மாறாமல் அதே காலில் நின்றால் அந்த ரிட்ராக்ட்டில் தப்பு.

இந்த வரிசையில் போனால் புது ரிட்ராக்ட் வாங்கும் செலவு பல தடவை மிச்சமாகும்.

நடுவானில் நடந்து விட்டால்...

இத்தனையும் செய்து, அப்படியும் சக்கரம் இறங்கவில்லை. அப்போது என்ன செய்வது?

முதல் காரியம், சத்தம் போட்டு எல்லோருக்கும் சொல்வது. மற்றவர்கள் வழியை விட்டு விலகுவார்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் பின்னால் போவார்கள்.

இரண்டாவது, விமானத்தை உயரத்தில் வைத்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, சுவிட்சை மேலும் கீழுமாகச் சில தடவை தட்டுவது. மின்சார வகையில் பாதியில் நின்ற கால், திரும்பப் போய் மறுபடி வரும்போது சிக்கல் விட்டு இறங்குவது உண்டு.

மூன்றாவது, ஒரு வட்டம் அடித்துத் திடீர் என்று மேலே தூக்குவது. அந்தக் குலுக்கலில் பாரத்தால் கால் விழுந்து பூட்டிக்கொள்ளலாம்.

இதற்கு நடுவே பக்கத்தில் ஒருவர் நின்று, எந்தக் கால் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். மணியையும் பார்த்துக் கொள்ள வேண்டும். சக்கரத்தையே நினைத்துக் கொண்டு இருந்து, தெம்பு தீர்ந்து விமானத்தைப் பறி கொடுத்தவர்களும் உண்டு.

ஒற்றைக் கால் வேண்டாம்!

எதுவுமே பலிக்கவில்லையா? அப்போது செய்ய வேண்டியது, பார்ப்பவர்களுக்கு விசித்திரமாகத் தெரியும். இறங்கிய நல்ல காலையும் மேலே மடக்கி விட வேண்டும்!

ஒரு கால் மட்டும் நீட்டி இறங்கினால், சக்கரம் இல்லாத பக்கத்து இறக்கை தரையில் குத்தும். விமானம் அந்தப் பக்கமாகச் சுழன்று எந்தத் திசையில் பாயும் என்று சொல்ல முடியாது. இரண்டு காலும் மேலே இருந்தால், படகு மணலில் ஏறுவது போல வயிற்றால் வழுக்கி நேராக நிற்கும்.

இறக்கும் இடம் புல் தரையாக இருக்க வேண்டும். தார் ஓடுதளம் கூடாது. காற்றுக்கு எதிராக வர வேண்டும். இறக்கையின் பின்னால் தொங்கும் மடிப்புப் பலகைகளை இறக்கக் கூடாது. தரையில் இடித்துப் பிய்ந்து விடும். தரை தொடுவதற்குச் சற்று முன் என்ஜினை நிறுத்தி விட வேண்டும். விசிறி சுழலாமல் இருந்தால் சேதம் குறையும்.

இப்படி இறங்கினால், வர்ணம் உரியும். விசிறி ஒன்று உடையலாம். ஒரு சாயங்கால வேலை. முழு விமானம் மிஞ்சும்.

ஒரு கண்டிப்பான விஷயம்: விமானமா, ஆட்களா என்ற நிலை வந்தால் யோசிக்கவே கூடாது. ஆட்கள் நிற்கும் பக்கம் திரும்புவது போல் தெரிந்தால், ஆள் இல்லாத பக்கம் திருப்பி விமானத்தைத் தரையில் போட்டு விட வேண்டும். மரம் ஒட்டும்.

இந்தியாவில் 2021-ம் ஆண்டு வந்த டிரோன் விதிகள், பொழுதுபோக்குக்கும் படிப்புக்கும் பறக்க விடும் மாடல் விமானத்துக்கு 25 கிலோ எடை வரை இடம் தருகின்றன. கண் பார்வைக்கு உள்ளேயே பறக்க வேண்டும் என்பது நிபந்தனை. விமான நிலையங்களை ஒட்டிய சிவப்பு மண்டலத்தில் அனுமதி இல்லாமல் பறக்க விடக் கூடாது.

வயிற்றால் இறங்கிய விமானத்தை அன்றே மறுபடியும் கிளப்பக் கூடாது. வீட்டுக்குக் கொண்டு போய், இறக்கையைக் கழற்றி, சட்டத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கால் எதனால் சிக்கியது என்று தெரிந்த பிறகுதான் அடுத்த பறப்பு. அந்த முதல் பறப்பிலும், 1936-ல் ஈஸ்ட்லியில் செய்த மாதிரி, சக்கரத்தை மடக்காமல் ஒரு சுற்று சுற்றி விட்டு இறக்கி விடுவது நல்லது.